சின்ன எண்ணைத் தொடாதே

அன்புள்ள கண்ணு,

பாப்பாவின் டெஸ்ட் பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாய். மதிப்பெண்ணை விடு. அவள் எங்கே வழுக்குகிறாள் என்பது முதல் கணக்கிலேயே தெரிகிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும் சமன்பாடு; இரண்டு பக்கமும் ஒவ்வொரு அணுவின் எண்ணிக்கையும் சமமாக வரும்படி அதைச் சமன் செய்ய வேண்டும். வலது பக்கம் ஒரு ஆக்சிஜன் குறைகிறது என்று சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். அப்புறம் தண்ணீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே சின்னதாக ஒரு 2 போட்டுவிட்டாள். எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஆனால் அது இப்போது தண்ணீர் இல்லை. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு!

நீ கணக்கு எழுதுகிறவள். கணக்கு இடிக்கிறது என்பதற்காக வவுச்சரில் உள்ள தொகையைத் திருத்துவாயா? வாய்பாட்டுக்குள் இருக்கும் சின்ன எண் அப்படித்தான். அந்தப் பொருள் எது என்பதையே அது சொல்கிறது. நாம் மாற்றக்கூடியது முன்னால் போடும் பெரிய எண்ணை மட்டும், அதாவது எத்தனை மூலக்கூறு என்பதை.

பேனாவைக் கொடுக்கும் முன் அவளை அடுப்பருகே கூப்பிடு. குளிர்ந்த தண்ணீர் உள்ள பாத்திரத்தை ஏற்றியதும் வெளிப்பக்கம் கொஞ்ச நேரம் வேர்க்கும். கேஸ் எரிந்து உண்டான தண்ணீர் அது. சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரப்பேனும் பியூட்டேனும். புரப்பேனில் 3 கார்பன், 8 ஹைட்ரஜன். 3 கார்பனுக்கு 3 கார்பன் டை ஆக்சைடு, 8 ஹைட்ரஜனுக்கு 4 தண்ணீர். இப்போது வலது பக்க ஆக்சிஜனை எண்ணினால் 6ம் 4ம் 10. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறில் 2 அணு. ஆக, 5 ஆக்சிஜன் மூலக்கூறு. முடிந்தது.

பியூட்டேனில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன். அதே வழியில் போனால் 13 ஆக்சிஜன் அணு வேண்டும், அதாவது ஆறரை மூலக்கூறு. அரை வந்ததும் பிள்ளைகள் பயந்து அழித்துவிடுவார்கள். அழிக்க வேண்டாம். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் போதும்: 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், 8 கார்பன் டை ஆக்சைடு, 10 தண்ணீர்.

இந்த எண்களை வைத்து 14.2 கிலோ சிலிண்டருக்கு ஒரு கணக்குப் போடச் சொல். அது எரிந்து தீர ஐம்பது கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். வெளியே வருவது ஏறக்குறைய 43 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 22, 23 கிலோ தண்ணீரும். சமையலறை ஜன்னலைத் திறந்து வை என்று நான் ஏன் சொல்கிறேன் என்று உனக்கும் இப்போது புரியும்!

டியூஷனில் 'கார்பன், ஹைட்ரஜன், கடைசியில் ஆக்சிஜன்' என்று ஒரு வரிசையை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள் போல. காரணம் சொல்லாமல் கொடுத்த விதி எனக்குப் பிடிப்பதில்லை. எரியும் வினைகளில் ஆக்சிஜன் தனியாக நிற்கிறது. அதன் எண்ணை மாற்றினால் வேறு எந்தத் தனிமமும் கலையாது. அதனால்தான் அதைக் கடைசியில் வைக்கிறோம். அவள் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே இரும்பும் நீராவியும் வருகிறதே, அங்கே தனியாக நிற்பவை இரும்பும் ஹைட்ரஜனும். ஆகவே ஆக்சிஜனில்தான் தொடங்க வேண்டும். விளையும் இரும்பு ஆக்சைடில் 3 இரும்பு, 4 ஆக்சிஜன். அதனால் 4 தண்ணீர். அதிலிருந்து 4 ஹைட்ரஜன் மூலக்கூறு. கடைசியாக 3 இரும்பு.

உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தராசை வைத்துக்கொண்டு பிடிவாதமாக நின்றவர் லவாய்சியர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1789இல் அவர் புத்தகம் வந்தது, 1794இல் கில்லட்டினில் தலை போனது. வேதியியலுக்காக இல்லை, வரி வசூல் கம்பெனியில் பங்கு வைத்திருந்ததற்காக. கதை என்றால் பாப்பா காது கொடுப்பாள், சொல்லிப் பார்.

செம்பும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் வந்தால் மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம். 3 செம்புக்கு 8 அமிலம். அந்த எட்டில் 6 நைட்ரேட்டாகவே செம்போடு போய்விடும், 2 மட்டும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவாகும். வெறுமனே எண்ணிக்கொண்டிருந்தால் சுற்றிச் சுற்றி வரும். எது எத்தனை எலக்ட்ரானை இழக்கிறது, எது பெறுகிறது என்ற எலக்ட்ரான் கணக்குத் தெரிந்தபின் எளிது, அதற்குப் பதினொன்றாம் வகுப்பு இருக்கிறது.

ஞாயிறு மாலை அவளைக் கூப்பிடச் சொல். இரும்பு - நீராவி கணக்கைப் புத்தகத்தை மூடிவைத்துப் போட்டு வரட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா