விளையாட்டு அறையின் சாவி பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உடற்கல்வித் துறை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் இங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. எந்த அணியிலும் இல்லை, பந்தயம் எதிலும் ஓடியதில்லை. எழுதுவதற்குக் காரணமே அதுதான். அணியில் இருப்பவர்களுக்காகப் பேச ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். மற்ற எங்களுக்காகப் பேச யாரும் இல்லை, நாங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

புதிய உள்ளரங்கம் கேட்டு இதை எழுதவில்லை. இடமும் பணமும் கூடிவரும்போது அது வரட்டும், சந்தோஷம்தான். இப்போது இருப்பதைத் திறந்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். நம்மிடம் ஒரு சிமென்ட் கூடைப்பந்துத் தளம் இருக்கிறது. இரண்டு டேபிள் டென்னிஸ் மேசைகள், கேரம் பலகைகள், ஒரு சின்ன உடற்பயிற்சி அறை எல்லாம் இருக்கின்றன. சிறிய கல்லூரிக்கு இது குறைவே இல்லை. ஆனால் எல்லாம் ஒரே பூட்டுக்குள் கிடக்கின்றன, சாவி ஒரே ஒருவரிடம் இருக்கிறது.

முதல் ஆண்டில் நானும் என் விடுதித் தோழியும் பேட்மிண்டன் மட்டை கேட்டுப் போனோம். சாவி வைத்திருந்தவர் கிளம்பிவிட்டிருந்தார். மறுநாள் போனபோது, "மட்டை டீமுக்கு மட்டும்தான்" என்று சொன்னார்கள். மூன்றாவது நாள் நாங்கள் போகவே இல்லை. அணிக்கு வெளியே யாருக்கும் விளையாட்டில் ஆர்வம் இல்லை என்று கூட்டங்களில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றாவது நாள்தான் ஞாபகம் வரும்.

வாலிபால் எப்படிப் பிறந்தது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், வில்லியம் மார்கன் என்ற உடற்கல்வி ஆசிரியர் அதை உருவாக்கினார். நான்கே ஆண்டுகளுக்கு முன் வந்த கூடைப்பந்து, அவரிடம் வந்த நடுத்தர வயதுக்காரர்களுக்கு மூச்சு வாங்க வைத்தது. ஓடவும் மோதவும் முடியாதவர்கள் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று யோசித்துதான் வலையை நடுவில் கட்டினார். ஒரு பக்கத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதுதான் அவருடைய முதல் விதிகளில் இருந்தது. பெரிய வீரர்களாக இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளப் பிறந்த ஆட்டம் அது. நம் கல்லூரியில் அதே வலையைத் தொட அணிச் சீருடை வேண்டியிருக்கிறது.

கூடைப்பந்தின் கதையும் அப்படித்தான். 1891-ஆம் ஆண்டு குளிர்காலத்தில், வெளியே விளையாட முடியாமல் அலுத்துப்போயிருந்த மாணவர்களுக்காக, ஜேம்ஸ் நைஸ்மித் ஒரு சிறிய கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் பீச் பழக் கூடைகளை ஆணியடித்து மாட்டினார். கால்பந்தை எடுத்துக்கொண்டார். அந்தக் கைப்பிடி இருந்த உயரம் பத்து அடி. இன்றும் உலகம் முழுவதும் வளையம் அதே 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. இருந்த இடத்தையும் பொருளையும் வைத்து அவரால் ஒரு புது விளையாட்டையே உருவாக்க முடிந்தது.

நம்மிடம் இருக்கும் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடைப்பந்துத் தளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். வாலிபால் ஆடுகளம் 18-க்கு 9. சுற்றிலும் ஓட மூன்று மீட்டர் விட்டாலும் 24-க்கு 15-தான் ஆகிறது, அப்படியே உள்ளே அடங்கிவிடும். பேட்மிண்டன் களம் 13.40-க்கு 6.10. குறுக்காகப் போட்டால் மூன்று களங்கள் வரும், இடையில் நடக்கவும் இடம் மிஞ்சும். காற்று தொந்தரவு செய்யும் என்பது உண்மைதான், காலையில் ஆடலாம். வேறு வேறு நிறத்தில் கோடு போட்டு, கம்பம் நடும் இடத்தில் குழாய் பதித்து மூடி போட்டுவிட்டால் ஒரே தளம் மூன்று விளையாட்டுக்கு உதவும். இறகுப் பந்துக்குப் பதில் நைலான் பந்து வாங்கலாம். பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு அதுவே போதும், நிறைய நாள் உழைக்கும்.

மாணவிகளைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வாலிபால் வலை எப்போதும் 2.43 மீட்டர் உயரத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது. அது ஆண்களுக்கான உயரம். பெண்களுக்கு 2.24. பத்தொன்பது சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம், ஆனால் புதிதாக ஆட வந்தவள் எம்பி அடித்த பந்து வலையைத் தாண்டுவதும் தாண்டாததும் அதில்தான் இருக்கிறது. கம்பத்தில் இன்னொரு கொக்கி போட்டால் முடிந்த விஷயம். கூடைப்பந்திலும் ஏழாம் எண் பந்துகள் மட்டுமே இருக்கின்றன. பெண்களுக்கான ஆறாம் எண் பந்து ஒன்றுகூட இல்லை. உடை மாற்ற ஓர் அறை, உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர் இவை இல்லாததால் ஆய்வக வகுப்பு முடிந்து நேரே விடுதிக்குப் போய்விடும் தோழிகள் எத்தனையோ பேர். தளத்தில் விளக்கு இல்லாததால் இருட்டத் தொடங்கியதும் மீதிப் பேரும் கிளம்ப வேண்டியிருக்கிறது. வகுப்பு முடிந்து இருட்டும் வரை எங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். அதையும் அணிப் பயிற்சிக்கே முழுதாக ஒதுக்கியிருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அந்த நேரத்தை எல்லோருக்கும் விடுங்கள்.

பதினெட்டு வயது நிரம்பியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடல் உழைப்பு செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம். நம் முதலாண்டு வகுப்பில் அந்த வயதில் சிலர் இருக்கிறார்கள். காலையிலிருந்து மாலை வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அந்த நிமிடங்களை எங்கே போய்த் தேடிக்கொள்ளச் சொல்வது?

உடற்பயிற்சி அறையில் நடுவில் நிற்கும் பெரிய இயந்திரத்தின் கம்பிவடம் அறுந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. ஒரு வடம் போனதால் அறையே மூடிக் கிடக்கிறது. அடுத்த முறை வாங்கும்போது அப்படி ஒன்று வேண்டாம் என்பது என் கருத்து. சில தரைவிரிப்புகள், சில ஜோடி டம்பெல்கள் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம், பழுதாக அதில் எதுவும் இல்லை. டேபிள் டென்னிஸ் மேசைகளுக்கு ஒரே வேண்டுகோள்: தேர்வு முடிந்ததும் அவற்றின் மேல் அடுக்கிய விடைத்தாள் கட்டுகளை எடுத்துவிடுங்கள்.

பொருள் தொலைந்துபோகும், யார் பொறுப்பு என்ற கவலை உங்களுக்கு இருக்கும். அது நியாயமான கவலை. நூலகத்தில் என்ன செய்கிறோமோ அதையே இங்கேயும் செய்யலாம். அடையாள அட்டையைக் கொடுத்து மட்டையை வாங்கிக்கொள்கிறோம், திருப்பித் தரும்போது அட்டையை வாங்கிக்கொள்கிறோம். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் முறை வைத்து இருவர் வருவோம். சாவியின் இன்னொரு பிரதியை விடுதிக் காப்பாளரிடம் கொடுத்தால் விடுமுறை நாளிலும் அறையைத் திறக்கலாம். தொலைந்தால் தொலைத்தவர் வாங்கித் தருவோம், எழுதியே கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்.

விளக்குக்கும் உடை மாற்றும் அறைக்கும் நிதி ஒதுக்க நாளாகும் என்பது புரிகிறது. சாவிக்கும் கொக்கிக்கும் நேர அட்டவணைக்கும் அவ்வளவு நாள் ஆகாது. அளவு நாடாவும் பெயின்டும் கொடுத்தால் தளத்தில் கோடு போட நாங்களே வருகிறோம். வரும் சனிக்கிழமை காலை வர இருபது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலை அலுவலகத்தில் சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி