நிலம் அளக்கப் போகிற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். உன்னை நெடுஞ்சாலைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், வெளிமாநிலத்தில் புதிதாக வரப்போகிற ஒரு டோல் ரோட்டுக்குத் தடம் பார்க்க அனுப்பப் போகிறார்கள் என்று போனில் சொன்னாய். கேட்கப் பெருமையாக இருந்தது. கூடவே ஒன்று கேட்டாய். "நம்ம ஊர்ல எட்டு வழிச் சாலைய ஏம்ப்பா அப்படி எதிர்த்தாங்க? வந்திருந்தா நான் சட்டுனு வீட்டுக்கு வந்து போயிருப்பேனே?" கடையில் ஆட்கள் நின்றிருந்ததால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. நீ செய்யப்போகிற வேலைக்கு இந்தக் கதை தேவைப்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். அந்தச் சமயத்தில் நீ ஹாஸ்டலில் இருந்தாய். டிவியில் பார்த்திருப்பாய், ஊருக்குள் நடந்தது உனக்குத் தெரியாது.

2018 பிப்ரவரியில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். நீ கேட்ட எட்டு வழிச் சாலைதான், சென்னையிலிருந்து சேலத்துக்குப் பசுமைவழிச் சாலை, 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய், பாரத்மாலா என்கிற மத்திய அரசின் நெடுஞ்சாலைத் திட்டத்தில். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஐந்து மாவட்டம். அதில் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 124 கிலோமீட்டர். சேலத்துக்குப் போக உளுந்தூர்பேட்டை வழியாக ஒன்று, கிருஷ்ணகிரி வழியாக ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு பெரிய ரோடு இருக்கிறது. அவற்றை அகலப்படுத்துகிற திட்டமில்லை இது. வந்தவாசி, செய்யாறு, போளூர், செங்கம் பக்கத்துக் கழனியிலும் கொல்லையிலும் மலையடிவாரத்திலும் புதிதாகக் கோடு கிழித்துப் போடுகிற ரோடு.

உண்மையைச் சொல்கிறேன், திருவண்ணாமலை டவுனில் முதலில் பாதிப் பேருக்குச் சந்தோஷம்தான். பௌர்ணமி கிரிவலத்துக்கும் தீபத்துக்கும் வருகிற கூட்டத்தை நம்பித்தானே பாதி ஊர் பிழைக்கிறது. சென்னைக்காரர்கள் காரில் சட்டென்று வந்து இறங்குவார்கள், ரூம் நிரம்பும், வியாபாரம் கூடும் என்று லாட்ஜ்காரர்களும் தேரடி வீதிக் கடைக்காரர்களும் பேசிக்கொண்டார்கள். திண்டிவனம் ரோட்டில் வேலை ஆண்டுக்கணக்கில் அரைகுறையாகக் கிடந்து, எத்தனை பேர் அடிபட்டு விழுந்தார்கள் என்பது உனக்கே தெரியும். ராத்திரியில் ஒரு நோயாளியை ஜிப்மருக்கோ சென்னைக்கோ கொண்டுபோகிறவர்களுக்கு நல்ல ரோட்டின் அருமை தெரியும். அப்படிப்பட்டவர்கள் ரோடு வரட்டும் என்று சொன்னதைத் தப்பென்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஊரின் பேச்சு மாறியது மே, ஜூனில், ரோட்டுக்கு அளந்து கல் நடத் தொடங்கிய பிறகு. எனக்கு அது மோட்டாருக்குக் காயில் கட்டுகிற நம் கடையிலேயே தெரிந்தது. கோடையில் நம் கடை எப்படி இருக்கும் என்று நீ பார்த்து வளர்ந்தவள். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டார் காற்று வாங்கும், வோல்டேஜ் வேறு குறையும், காயில் புகைந்து கருகும். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மோட்டாரைச் சாக்கு போட்டுக் கட்டிக் கொண்டுவந்து இறக்குவார்கள். "பயிர் வாடுது, நாளைக்குள்ள கட்டிக் குடுத்துடு" என்று தலைமேல் நிற்பார்கள். அந்த வருஷம் மோட்டார் வந்தது, அவசரம் வரவில்லை. செங்கம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ஏழரை எச்.பி. மோட்டாரை இறக்கிவிட்டு, "இப்ப கட்ட வேணாம், கெணறு இருக்குமா இருக்காதான்னு தெரியட்டும், அப்புறம் சொல்றேன்" என்று போய்விட்டார். மோட்டார் ஓரமாகவே கிடந்தது. தாமிரக் கம்பி விலையை நினைத்துப் பார், கிணறே போகப்போகிறது என்றால் யார் அந்தச் செலவு செய்வார்கள்?

இதே கதை எல்லாக் கடையிலும். சொட்டுநீர்க் குழாய் விற்கிறவர், மல்லாட்டை விதை விற்கிறவர், உரக்கடைக்காரர், கிணறு ஆழப்படுத்துகிற கம்ப்ரசர் வண்டிக்காரர் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். நோட்டீஸில் வந்த சர்வே நம்பரை வாங்க ஆளில்லை, அடமானத்துக்கும் ஆளில்லை. கல்யாணத்துக்கு நிலத்தை நம்பியிருந்தவர்கள் தேதியைத் தள்ளிவைத்தார்கள். அப்போதுதான் டவுனுக்கு உறைத்தது. கோயில் கூட்டம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும்; மற்ற நாளெல்லாம் நமக்குச் சோறு போடுவது சுற்றியிருக்கிற கிணறுகள்தான். லாட்ஜ்காரர்கள் சிலர் கடைசிவரை ரோடு வேண்டும் என்றே சொன்னார்கள். ஆனால் கடைவீதியில் பெரும்பாலானவர்கள் கிராமத்துப் பக்கம் சாய்ந்தது இதனால்தான்.

அடுத்தது, அது டோல் ரோடு என்பது. நீ இன்ஜினீயர், உனக்குத் தெரியும். இங்கே பலருக்குத் தெரியாது. ரோடு பக்கத்தில் போனால் நமக்கும் பயன் என்று நினைத்தார்கள். இருபுறமும் அடைத்த விரைவுச் சாலையில் நினைத்த இடத்தில் ஏற முடியாது, இறங்க முடியாது. டூவீலர் போகக்கூடாது, டிராக்டர் போகக்கூடாது. டீக்கடை போட முடியாது, பூ விற்க முடியாது. நிலம் கொடுத்தவன் தன் வண்டியில் அந்த ரோட்டில் கால்வைக்கவே முடியாது. எதிர்க்கொல்லைக்குப் போகச் சுரங்கப்பாதை எங்கே இருக்கிறதோ அங்கே சுற்றிக்கொண்டு போக வேண்டும். இதைச் சொல்லி விளக்கியது அதிகாரிகள் இல்லை, ஊர்ப் பிள்ளைகள். உன்னைப்போல் படித்த பிள்ளைகள்தான் வரைபடத்தைக் கணினியில் திறந்து வீடுவீடாகக் காட்டினார்கள்.

இனி அத்தை வீட்டு விஷயம். கல் நட்டது அத்தையின் கழனியில் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி. நிலமெல்லாம் போகவில்லை, ரோட்டுக்கு எடுக்கிற அகலம் சுமார் 70 மீட்டர், அதில் விழுந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆனால் அந்த 70 மீட்டருக்குள் கிணறு விழுந்துவிட்டது. அந்தக் கிணற்றை என் தாத்தா காலத்தில் மண்வரைக்கும் தோண்டினார்கள், அப்பா காலத்தில் பாறையில் வெடி வைத்து இறக்கினார்கள், பிறகு மாமா பக்கவாட்டில் போர் போட்டார். மூன்று தலைமுறை உழைப்பு. அது போனால் மீதி இருப்பது வானம் பார்த்த கொல்லை. புதுக் கிணறு தோண்டலாம் என்றால் தண்ணீர் நினைத்த இடத்தில் கிடைப்பதா? நம் பக்கம் முழுக்கப் பாறை. ஒரு இடத்தில் ஊற்று, நாலடி தள்ளினால் வெறுங்கல்.

இழப்பீடு தருகிறார்களே என்று நீ கேட்கலாம். 2013 நில எடுப்புச் சட்டப்படி நிலத்தின் விலைக்கு மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை உண்டு, கிணற்றுக்கு, மரத்துக்குத் தனியாக உண்டு. சரி. ஆனால் கணக்குப் போடுவது எடுக்கிற நிலத்துக்கு. தண்ணீர் இல்லாமல் நிற்கப்போகிற மீதி நிலத்துக்கு என்ன கணக்கு? அத்தை கழனியில் நடவுக்கும் களைக்கும் வருகிற பெண்களுக்கு என்ன கணக்கு? அவர்கள் பெயரில் பட்டா கிடையாது. இந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, பாப்பா. என்னை அதிகமாகக் கோபப்படுத்தியது அதுதான்.

அந்த 2013 சட்டத்தில், நிலம் எடுப்பதற்கு முன் அதனால் மக்களுக்கு என்ன ஆகும் என்று ஆராய வேண்டும் என இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைக்கு அந்தப் பகுதி பொருந்தாது. 1956-ம் வருஷத்து தேசிய நெடுஞ்சாலைச் சட்டம்தான். அதில் அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபனையை எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவிக்கை செய்தித்தாளில் சர்வே எண்களாக வரும். கழனியில் இருக்கிற மனுஷி பேப்பரில் பொடி எழுத்தில் தன் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்து, எழுத ஆள் பிடித்து, 21 நாளில் கொடுக்க வேண்டும். அத்தைக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டபோது கூடவும் போனேன். எதிரில் உட்கார்ந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கேட்டதெல்லாம் இழப்பீட்டைப் பற்றி. வேறு பக்கமாகக் கொண்டுபோக முடியுமா, இருக்கிற ரோட்டை அகலப்படுத்தினால் போதாதா என்று அத்தை கேட்டதை அவர் எழுதிக்கொள்ளவே இல்லை.

அதன் பிறகுதான் ஊர் ஊராகக் கறுப்புக்கொடி. அளக்க வந்தால் போலீஸோடு வந்தார்கள். நட்ட கல்லை ஊர்க்காரர்கள் பிடுங்கினார்கள். தன் நிலத்தில் விழுந்து அழுத பாட்டிகளை டிவியில் பார்த்திருப்பாய். எதிர்த்துப் பேசியவர்களைக் கைது செய்தார்கள். வெளியாட்கள் தூண்டிவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. அத்தையை யார் தூண்டுவது? கவுத்திமலை, வேடியப்பன் மலையில் இரும்புத்தாது வெட்டப் பார்த்து, மக்கள் எதிர்த்து நின்ற பழைய கதை இந்த ஊருக்கு மறக்கவில்லை. ரோடு நமக்கா, தாது வெட்டுகிறவர்களுக்கா என்ற சந்தேகம் அதனால் வந்தது. சந்தேகம் சரியோ தப்போ, வெளிப்படையாக உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்த்திருக்கலாம்.

பிறகு கோர்ட். விவசாயிகளும், பூவுலகின் நண்பர்கள் என்கிற சுற்றுச்சூழல் அமைப்பும், அன்புமணி ராமதாஸும் போட்ட வழக்குகளில் 2019 ஏப்ரல் 8-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கையை ரத்து செய்தது. கிராமங்களில் வெடி வெடித்து மிட்டாய் கொடுத்தார்கள். அரசும் நெடுஞ்சாலை ஆணையமும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2020 டிசம்பர் 8-ல் அறிவிக்கை செல்லும் என்று அங்கே தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பில், நிலம் முறையாகக் கைக்கு வருவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியது செல்லாது என்றும், வேலையைத் தொடங்குவதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். பெயர் மாற்றிய செய்தி பரவிய நாளிலிருந்து அத்தை பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுத் தினமும் போனில் சிட்டாவை எடுத்துக் காட்டச் சொல்வாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாமா பெயரின் எழுத்து எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியும். அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவாள்.

ரோடு இன்றுவரை வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை வருஷம் அந்தப் பாதையில் இருந்தவர்கள் வீடு கட்டவில்லை, கிணற்றை ஆழப்படுத்தவில்லை, தென்னங்கன்று வைக்கவில்லை. அந்த நஷ்டத்தை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

இதையெல்லாம் எழுதுவது உன்னை அந்த வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்வதற்கு இல்லை. நீ போக வேண்டும். இந்த மாதிரி வேலையில் கழனி தெரிந்த பிள்ளை ஒருத்தி இருப்பது நல்லது. உன் ஆபீசில் செயற்கைக்கோள் படம் வைத்துக்கொண்டு கோடு போடுவார்கள். படத்தில் பச்சை தெரியும், அந்தப் பச்சைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. அதனால் கோடு முடிவாவதற்கு முன் நீ ஒருமுறை அந்தத் தடத்தில் நட. காலையில் போனால் ஆண்கள்தான் பேசுவார்கள். சாயங்காலம் பெண்கள் கழனியிலிருந்து ஏறுகிற நேரத்துக்குப் போ. எந்தக் கிணறு எந்தெந்த நிலத்துக்குப் பாய்கிறது, மாடு எந்தப் பக்கம் மேயப் போகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எங்கே குறுக்கே நடக்கிறார்கள் என்று கேள். பக்கத்தில் சின்ன டவுன் இருந்தால் அங்கே உள்ள மோட்டார் கடையில் போய் ஐந்து நிமிஷம் உட்கார். அந்தக் கடைக்காரருக்கு எல்லாக் கிணறும் தெரிந்திருக்கும், நான் சொல்கிறேன்.

திட்ட அறிக்கையில் மாற்றுத் தடங்கள் என்று ஒரு பகுதி இருக்கும் என்றாயே, அதை ஒப்புக்கு நிரப்பாதே. இருக்கிற ரோட்டை அகலப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை நேர்மையாகக் கணக்குப் போட்டு எழுது. மேலே இருப்பவர்கள் அதை நீக்கச் சொன்னால், நீக்கச் சொன்னதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல். சுற்றுச்சூழல் அனுமதிக்காக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது உன்னையும் அனுப்பச் சொல்லிக் கேள். அங்கே திட்டுவார்கள். வாங்கிக்கொள். உன் அத்தையும் அப்படித்தான் திட்டினாள்.

இன்னொன்று, உங்கள் ஆபீஸ் வரைபடத்தில் கிணறுகளைத் தனிக் குறியாகப் போடுகிறார்களா என்று பார்த்து எழுது. போடுவதில்லை என்றால், பாயும் நிலத்தோடு சேர்த்து எப்படிக் குறிக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. அத்தை கிணற்றையே மாதிரியாக வைத்து ஒரு தாளில் வரைந்து அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன். சர்வே எண், ஆழம், மோட்டார் எச்.பி., எத்தனை வீட்டுக்குப் பாய்கிறது எல்லாம் அதில் இருக்கும்.

அம்மா மல்லாட்டை உருண்டை செய்து பார்சல் போட்டிருக்கிறாள், வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா