தடுப்பூசி போடும் செவிலியர்களுக்கும் குழந்தை மருத்துவர்களுக்கும் ஒரு தாயின் மடல்

வணக்கம்.

போன மாதம் என் மகனுக்கு ஒன்றரை வயசு ஊசி போட்டோம். எடை பார்த்து, அட்டையில் தேதி எழுதி, காய்ச்சல் வந்தால் என்ன கொடுக்கணும் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்கள். குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால், ஒன்பதாம் மாத ஊசியன்று நடந்தது இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. நீளமான வரிசை, அவசரம். "உங்களைப் பார்த்தா இன்னும் அழுவான், அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கம்மா" என்று சொல்லி அவனை வேறொருவர் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். அவன் ஊசியைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினான்.

ஏன் தேடினான் என்று அப்புறம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1985இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசையில் தவழ விட்டார்கள். பாதி தூரத்தில், கண்ணாடிக்கு அடியில் பள்ளம் தெரியும். எதிர்ப்பக்கம் அம்மா. குழந்தை அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, போகலாமா என்று அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா சிரித்தபோது 19 பேரில் 14 பேர் தாண்டி வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. அம்மாக்கள் வாயே திறக்கவில்லை, முகம் மட்டும்தான்.

இப்படி முகம் பார்த்துத் தெரிந்துகொள்கிற பழக்கம் முதல் வயது முடிவதற்குள் வந்துவிடுகிறது. நீங்கள் தட்டம்மை ஊசி போடுவதும் அந்த வயதில்தான். புது இடம், புது ஆள், இது பயப்பட வேண்டிய விஷயமா என்று கேட்க அவனுக்கு இருந்த ஒரே வழி என் முகம், அதைத்தான் திருப்பிக்கொள்ளச் சொன்னார்கள். வலித்தால் அழத்தான் செய்வான். அம்மா மடியில் உட்கார்ந்து, அம்மா முகத்தைப் பார்த்து அழட்டுமே.

ஒன்றரை மாத ஊசிக்கு வரும்போது குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிற சமயம். எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் 1970களில், கொஞ்சிக்கொண்டிருந்த அம்மாக்களைச் சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார். சில மாதக் குழந்தைகள்கூட உடனே கவனித்துவிட்டன, சிரித்துப் பார்த்தன, கையை நீட்டின, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அந்த ஊசிக்கு வருகிறவர்களில் தூக்கமில்லாமல், மனம் இறுகிப்போய், சிரிக்க முடியாமல் இருக்கும் அம்மாக்களும் உண்டு, நானும் கொஞ்ச நாள் அப்படி இருந்தவள்தான். தயவுசெய்து அவர்களைக் குற்றவாளி ஆக்காதீர்கள். "நீ எப்படிம்மா இருக்கே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், வீட்டில் யாரும் கேட்பதில்லை. நாள் முழுக்க மலர்ந்த முகமாக இருக்க யாராலும் முடியாது, நடுவில் அது விட்டுப்போனாலும் திரும்பவும் குழந்தையோடு சேர்ந்துகொண்டால் போதும் என்று நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

ஒன்றரை வயசில் குழந்தை இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1997இல் வந்த ஓர் ஆய்வில், பிஸ்கட்டைத் தின்று முகம் சுளித்து, ப்ரோக்கோலி என்ற பச்சைக் காயை ருசித்துக் காட்டிய ஆய்வாளர் கை நீட்டியபோது, 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே எடுத்துக் கொடுத்தார்கள், 18 மாதக் குழந்தைகள் ப்ரோக்கோலியைக் கொடுத்தார்கள். தனக்குப் பிடித்தது வேறு, அவருக்குப் பிடித்தது வேறு என்று புரிகிற பிள்ளையிடம் போய் "ஒண்ணுமே இல்ல, ஆம்பளப் பையன் அழலாமா" என்கிறோம். "வலிக்குதா? பயமா இருக்கா?" என்று கேட்டால் அவன் உள்ளே நடப்பதற்கு ஒரு பெயர் கிடைக்கும். "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று உங்கள் எதிரிலேயே மிரட்டுகிற பெற்றோரைக் கொஞ்சம் கண்டியுங்கள், எங்கள் பேச்சைவிட உங்கள் பேச்சு எடுபடும்.

என் மகனுக்கு அட்டையில் அடுத்து இருப்பது ஐந்து வயசு ஊசி. அன்றைக்கு அவனே உங்களிடம் "வலிக்குமா?" என்று கேட்பான். வலிக்கும், கொஞ்ச நேரம்தான் என்று உண்மையைச் சொல்லுங்கள்.