கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படு

அன்புள்ள தம்பிக்கு,

நைனா எழுதுகிறேன். போனில் பேசினால் "ம்", "சரி" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

உன் ரூமுக்கு வந்துபோனதிலிருந்து பாப்பா ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறாள். ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் ஓடுகிறதாம். விடியற்காலையில் பார்த்தால் இரண்டு திரையும் எரிகிறதாம், எதிரே நீ சும்மா உட்கார்ந்திருக்கிறாயாம். ஆபீஸ் லேப்டாப்பைக் காணோம் என்றும் சொன்னாள். சரி, அதை விடு. நான் கரண்ட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அந்த மாதிரி கம்ப்யூட்டர் இரண்டு திரையோடு சும்மா நின்றாலே சுமார் 100 வாட் இழுக்கும். பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற 100 யூனிட்டில் பாதிக்கு மேல் அதிலேயே போகிறது. காசு மட்டும் என்றால் பேசாமல் இருந்திருப்பேன். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரியவேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். நீ தூங்காத ராத்திரிகளுக்கு 40 கிலோ நிலக்கரி, பத்து கிலோவுக்கு மேல் சாம்பல். நிலக்கரி அள்ளிய கை இது, எனக்குத் தெரியும்.

எண்ணூரில் பிறந்த பிள்ளைக்குச் சாம்பலைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். 1970-ல் வந்த பழைய அனல்மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் இன்னும் எரிகிறது. கொசஸ்தலை ஆற்றில் இறங்கினால் காலில் என்ன ஒட்டுகிறது என்று உன் சித்தப்பாவைக் கேள். காற்றாலை, சோலார் எல்லாம் வந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரியில் சோலார் ஏது? நிலக்கரிதான் இழுக்கிறது.

அதனால் படுக்கும்போது அணைத்துவிடு. ஸ்கிரீன்சேவர் ஓடினால் மிச்சம் என்று நினைக்காதே, திரை எரிந்துகொண்டுதான் இருக்கும். பத்து நிமிஷம் தொடாவிட்டால் தானே ஸ்லீப்புக்குப் போகிற மாதிரி வைத்துவிடு, அதில் சில வாட்தான் செலவு. வெளிச்சத்தைக் குறை. ஒரு திரை போதும் என்றால் இன்னொன்றை அணை. அணைத்து அணைத்துப் போட்டால் மிஷின் கெட்டுவிடும் என்பது பழைய பேச்சு. அணைத்துவிட்டு நீயும் படு. தூங்காத உடம்பு எதற்கும் உதவாது தம்பி.

நம் தெருவில் முதன்முதலில் இன்ஜினியரிங் முடித்தவன் நீ. இப்போதும் பெரியவர்கள் என்னை உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதற்காக எதையும் எங்களிடம் மறைக்க வேண்டும் என்று இல்லை. பொங்கலுக்கு வந்தபோதே உன் முகம் சரியில்லை. அம்மா என்னைக் கேட்டாள், நான் உன்னைக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

பிளஸ் டூவில் கவர்மெண்ட் கொடுத்த லேப்டாப் பீரோவில்தான் இருந்தது. மார்க்கெட் பக்கம் ரிப்பேர் கடையில் கொடுத்து, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போட்டு வாங்கி வைத்திருக்கிறேன், சட்டென்று ஓப்பன் ஆகிறது. பெரிய கம்ப்யூட்டர் இழுக்கிறதில் கால்வாசி கூட இழுக்காது. மெயில் பார்க்க, விண்ணப்பம் போட, ஆன்லைனில் இன்டர்வியூ பேச இது தாராளம். புதிதாக எதையும் வாங்காதே, புதுசு ஒன்று செய்வதற்கும் கரண்ட்தான் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. அம்மா நெத்திலி வாங்குகிறேன் என்றாள். வர முடியாவிட்டால் சொல், நான் எடுத்துக்கொண்டு வருகிறேன். வாடகைக்கு வேண்டும் என்றாலும் பாப்பாவிடமாவது சொல்லி அனுப்பு.

இப்படிக்கு,
நைனா