பிசானப் பருவத்துக்கு முன் பாட்டப் (குத்தகைப்) பணம் கட்ட வேண்டும்: ஊராருக்கு வேண்டுகோள்

முப்பிடாதி அம்மன் துணை.

உள்ளூரிலும் வெளியூரிலும் இருக்கும் நம் தலைக்கட்டுகள் (குடும்பங்கள்) அனைவருக்கும் கமிட்டியின் வணக்கம்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். ஊர்ச் சாவடியில் சாப்பிடும் பெரியவர்களுக்காக 2 ஏக்கர் வயலைப் பாட்டத்துக்கு எடுக்கிறோம். புரட்டாசி 30-க்குள் நிலத்துக்காரருக்குப் பாட்ட முன்பணம் ரூ.60,000 கட்ட வேண்டும். தவறினால் வாழை போட ஆள் காத்திருக்கிறது, அவருக்கே விட்டுவிடுவேன் என்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனியிலிருந்து நமக்கு அவகாசம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த 2 ஏக்கரில் பாடுபடப் போவது திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுத் திரும்பிய நம் ஊர்க் குடும்பம். விளைகிற நெல்லில் பாதியும், காய் கீரையில் முதல் பறிப்பும் சாவடி அடுப்புக்கு என்று பேச்சு. சாவடியில் தினமும் மதியம் 34 பெரியவர்கள் சாப்பிடுகிறார்கள். இப்போது அவர்கள் இலைக்கு வருவது ரேஷன் அரிசியும் சந்தையில் கழித்த கத்தரிக்காயும்தான்.

நம் ஊர் சோற்றுக்குக் கையேந்திய ஊர் அல்ல. கார், பிசானம் என்று இரண்டு பூ (போகம்) விளைந்த, கன்னடியன் கால் (வாய்க்கால்) பாயும் பூமி இது. கன்னட பிரம்மச்சாரி ஒருவர் பசு நடந்த வழியெல்லாம் கால் வெட்டி, அது படுத்த இடத்தில் குளம் வெட்டினார் என்று நம் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார்கள், ‘லாபம்’ என்றுதான் அளப்பார்கள். 21 மரக்கால் ஒரு கோட்டை. அப்படிக் கோட்டை கோட்டையாக அளந்த கைகள்தான் இன்று சாவடியில் தட்டு ஏந்துகின்றன.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் அந்த வயலில் முழங்கால் உயரத்துக்கு மணலைத் தள்ளிவிட்டுப் போனது. பாட்டம் மலிவாகக் கிடைத்ததே அதனால்தான். மணலை அள்ள ஜேசிபிக்கு ரூ.42,000. உழவு, வரப்பு, விதைநெல், நடுவை (நாற்று நடவு) கூலி ரூ.38,000. காய்கறித் தோட்டத்துக்கு வேலியும் குழாயும் ரூ.35,000. பாட்டத்தோடு சேர்த்து ரூ.1,75,000. கறவை மாடும் வேண்டும் என்று கமிட்டியில் சிலர் நிற்கிறார்கள். முதலில் வைக்கோல் வரட்டும். வசூலானது ரூ.1,12,500. பற்றாக்குறை ரூ.62,500. போடப்போவது அம்பை 16 நெல். பல் போனவர்களுக்குக் குழைய வடிக்கத் தோதான பருத்த அரிசி. ஐப்பசியில் நாற்றுப் பாவினால் மாசியில் அறுத்துவிடலாம்.

கொடுத்தவர்களை மறக்கமாட்டோம். தாராவியில் இட்லிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கேட்ட அன்றே ரூ.25,000 அனுப்பினார். வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்பிமார் சேர்ந்து ரூ.40,000. கீழத்தெருவில் பீடி சுற்றும் அக்காமார், மடியிலிருந்த தட்டை இறக்கி வைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஆளுக்கு ரூ.50, ரூ.100 என்று கொடுத்தார்கள். வாரக்கூலியில் பிடித்த காசு அது. வாங்கிய எங்களுக்குக் கை கூசியது. அவர்கள் குடும்பங்களை அம்மன் காப்பாள்.

இனி சொல்வதற்குக் கோபப்படாதீர்கள். போன கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) ஒரு வீடு பாக்கியில்லாமல் வரி வந்தது. வெடிக்கு மட்டும் ரூ.80,000 போட்டோம், அம்மன் கேட்டா போட்டோம்? சாவடியில் சாப்பிடும் 34 பேரில் 19 பேருக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் சம்பாதிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். யார் யார் என்று இங்கே எழுதவில்லை. அவரவருக்குத் தெரியும்.

தலைக்கட்டுக்கு ரூ.500-க்குக் குறையாமல் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் நடுவைக்கு ஒரு நாள் வந்தாலும் போதும், கணக்கில் எழுதிக்கொள்வோம். வரவு செலவு மாதாமாதம் சாவடிச் சுவரில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
ஊர்க் கமிட்டியார்