வீட்டுப் பணத்துக்கு பாலிசி விற்காதீர்கள்: வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய கிளை மேலாளர்களே,

வீடு வாங்கப் பணம் சேர்க்கிறேன், மூன்று வருஷத்தில் வேண்டும், எதில் போடலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் இன்சூரன்ஸ் பாலிசியை நீட்டுவதை உங்கள் ஆட்கள் எப்போது நிறுத்துவார்கள்? என் சித்தி மகன் எஃப்.டி. போடத்தான் போனான். உள்ளே உட்கார வைத்து, டீ வரவழைத்து, ஒரு தாளில் பத்தாம் வருஷத் தொகையை மட்டும் மஞ்சள் மார்க்கரால் தீட்டிக் காட்டியிருக்கிறார்கள். யூலிப்! காப்பீட்டோடு முதலீடும் சேர்ந்த, சந்தையோடு ஏறி இறங்குகிற பாலிசி. நடுவில் கட்டுவதை நிறுத்தினாலும் முதல் 5 வருஷம் முடியாமல் அதில் ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராது, அதைச் சொல்ல மட்டும் அங்கே யாருக்கும் நேரமில்லை. பாலிசி வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்ற விதி இருந்ததால் தப்பித்தான்.

அவன் கணக்கு என்ன என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். 50 லட்சத்தில் ஒரு பழைய தனி வீடு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் நீங்களே தர மாட்டீர்கள், ஆக 10 லட்சம் அவன் பொறுப்பு. அப்புறம் பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், அதாவது இன்னொரு 4.5 லட்சம், அதற்கும் கடன் கிடையாது. அக்ரிமென்ட் போட்டுவிட்டு, இந்தப் பதினாலரை லட்சத்தைச் சந்தை ஏறட்டும் என்று காத்திருக்க வைக்க முடியுமா?

இவனுக்குச் சொல்ல வேண்டியது ரொம்பச் சாதாரணம். மாதாமாதம் மிஞ்சுவதற்கு ஆர்.டி. (மாதத் தவணை டெபாசிட்), வேண்டிய மாதத்தில் முடிகிற மாதிரி. கையில் இருப்பதற்கு எஃப்.டி., அதையும் 4 லட்சத்துக்கு ஒரே ரசீதாகப் போடாமல் லட்சம் லட்சமாக நாலாகப் போட்டால், வீட்டை விற்கிறவர் திடீரென்று அட்வான்ஸ் கேட்கும்போது ஒன்றை உடைத்தால் போதும், மற்ற மூன்றின் வட்டி அதுபாட்டுக்கு ஓடும். வரி சேமிப்பு எஃப்.டி. வேண்டாம், 5 வருஷத்துக்கு உடைக்க முடியாது. டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளையும் சேர்த்து, வட்டியோடு 5 லட்சம் வரைதான், அதற்கு மேல் போனால் இன்னொரு வங்கி, இல்லையென்றால் மத்திய அரசே பொறுப்பேற்கும் அஞ்சலக டைம் டெபாசிட் (அங்கே ஆர்.டி. மட்டும் 5 வருஷம், முன்னாலேயே முடித்தால் வட்டி அடிபடும்). வட்டிக்கு வரி உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள், பிறகு கோபப்பட மாட்டார்கள்.

டெபாசிட் படிவத்திலேயே 'இந்தப் பணம் எப்போது தேவை?' என்று ஒரு கட்டம் சேருங்கள். 5 வருஷத்துக்குள் என்று எழுதினால் பாலிசி பேச்சே எடுக்கக் கூடாது. டார்கெட் மேலிடத்திலிருந்து வருகிறது என்பீர்கள், தெரியும். சரி, இந்த மடலை அவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.