ஸ்டைல்ஸ் எந்த வருஷம்?

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மாப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்க உனக்கு வேறு விஷயமா கிடைக்கவில்லை? அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் வந்தது 1920-லா, 1921-லா என்று ஒரு கிலோ மைசூர்பாகு பந்தயம்! ஹாஸ்டலில் இருந்த அதே சரோஜாதானடி நீ.

என் சமாச்சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இடது முழங்கால் மக்கர் பண்ணுகிறது. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இந்த வருஷம் வடாம் மருமகள் கைவண்ணம். உப்பு தூக்கல்தான், வாயைத் திறக்கவில்லை. மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

இப்போது பந்தயம். ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ லண்டனில் புத்தகமாக வந்தது 1921 ஜனவரி 21-ஆம் தேதி. பதிப்பித்தது ஜான் லேனின் ‘பாட்லி ஹெட்’. ஆக, மாப்பிள்ளை சொல்வது சரி. அவசரப்பட்டு மைசூர்பாகு வாங்கிவிடாதே. அதே ஜான் லேனுக்கு நியூயார்க்கில் ஒரு கம்பெனி இருந்தது. அவர்கள் 1920 அக்டோபரிலேயே அச்சடித்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். எழுதியவள் இங்கிலாந்துக்காரி, கதை நடப்பது எஸ்ஸெக்ஸ் கிராமத்து பங்களாவில், ஆனாலும் அமெரிக்காக்காரன் மூன்று மாதம் முந்திக்கொண்டான். அதனால் நீ சொன்னதும் சரி. சில பதிப்புகளில் 1920, சிலவற்றில் 1921 என்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

என்னைக் கேட்டால் இரண்டு பேருக்குமே மைசூர்பாகு கிடையாது. இந்தப் புத்தகங்களுக்கெல்லாம் முன்பே கதை பத்திரிகையில் வந்துவிட்டது. லண்டன் ‘டைம்ஸ்’ வாரப் பதிப்பு ஒன்று போட்டது, கடல் கடந்து காலனி நாடுகளுக்குப் போகிற பதிப்பு. அதில் 1920 பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஜூன் கடைசி வரை 18 பகுதிகளாகத் தொடர்கதையாக வந்தது. லண்டன் புத்தகக் கடைக்கு வருவதற்குப் பல மாதம் முன்னாலேயே எங்கோ கப்பலில் வந்த பழைய பேப்பரைப் பிரித்து, “அடுத்த வாரம் என்ன ஆகும்?” என்று யாரோ தவித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் நம் மெட்ராஸில் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

பத்திரிகையில் வந்தால் அது ‘வெளியானது’ ஆகுமா என்று மாப்பிள்ளை கேட்பார். உங்கள் வீட்டு ‘பொன்னியின் செல்வன்’ ஞாபகம் இருக்கிறதா? வாரா வாரம் கல்கியிலிருந்து பக்கங்களைக் கிழித்து, கோந்து நாற்றத்தோடு உங்கம்மா பைண்டு பண்ணி வைத்திருந்தார்களே. பாதிப் பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம், ஓரத்தில் வெட்டுப்பட்டுப்போன கடைசி எழுத்துகள். அந்தக் கதை எப்போது வந்தது என்று கேட்டால் 1950 என்றுதானே சொல்வோம்? புத்தகமாக வந்த வருஷத்தை யார் சொல்கிறார்கள்? நமக்கு ஒரு நியாயம், கிறிஸ்டிக்கு ஒரு நியாயமா?

இன்னொரு சாட்சியும் உண்டு. ஸ்டைல்ஸ் நாவலில் கிறிஸ்டிக்குக் கிடைத்த காசு மொத்தம் 25 பவுண்டு. அதுவும் பத்திரிகைத் தொடருக்குக் கொடுத்த 50 பவுண்டில் அவர் பங்கு! புத்தகத்துக்கு 2,000 பிரதி விற்ற பிறகுதான் ராயல்டி என்று ஒப்பந்தம். கைக்கு ஒன்றும் வரவில்லை. முதல் புத்தகம் அச்சில் வந்தால் போதும் என்று கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பாவம்.

ஆனால் சரோஜா, மருந்து கலந்து கொடுக்கிற வேலையில் முப்பது வருஷம் காலம் தள்ளியவள் என்கிற முறையில், எனக்குப் பிடித்த வருஷம் இதில் எதுவுமில்லை, 1916. முதல் உலக யுத்தம் நடக்கிறபோது கிறிஸ்டி டார்க்கி ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தார். சுற்றிலும் அலமாரி நிறைய விஷ பாட்டில்கள். நோயாளி கூட்டம் இல்லாத நேரத்தில் யோசித்த கதைதான் இது. நீதான் மூன்று தடவை படித்தவளாயிற்றே, முடிச்சைச் சொன்னால் தப்பில்லை. ஸ்ட்ரிக்னைன் கலந்த டானிக்கில் புரோமைடு என்கிற தூக்க மருந்துப் பொடியைப் போட்டால் விஷம் படிகமாகி பாட்டில் அடியில் தங்கிவிடும். கடைசி வேளைக்கு ஊற்றுகிறவர் கதை முடிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மிக்ஸ்சர் பாட்டில் பக்கவாட்டில் வேளைக்கணக்குக்குக் காகிதப் பட்டையைக் கத்தரித்து ஒட்டுவோம். ‘நன்றாகக் குலுக்கவும்’ என்று சீட்டு ஒட்ட மறந்தால் சீனியர் அம்மாவிடம் செம திட்டு விழும். எதற்காகத் திட்டினார்கள் என்பது இந்த நாவலைப் படித்த அன்றுதான் உறைத்தது. மருந்தாளர்களுக்கான பத்திரிகை ஒன்றில்கூட விஷத்தைச் சரியாக எழுதியிருக்கிறார் என்று பாராட்டி விமரிசனம் வந்தது. அந்த ஸ்ட்ரிக்னைன் வேறொன்றுமில்லை, நம் ஊர் எட்டிக்கொட்டைச் சரக்குதான்.

எழுதிய பிறகு பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஜான் லேன் அலுவலகத்திலும் ரொம்ப நாள் கிடந்தது. கடைசியில் கூப்பிட்டு, கதையில் துப்பறிகிற பாய்ரோ கோர்ட்டில் சாட்சி சொல்லி மர்மத்தை அவிழ்க்கிற கட்டத்தை மாற்றச் சொன்னார்கள். அப்படித்தான் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து விளக்குகிற அந்தப் புகழ்பெற்ற காட்சி பிறந்தது.

வருஷச் சண்டை வெறும் வாய்ச்சண்டை இல்லை என்பதையும் மாப்பிள்ளை காதில் போடு. 1920-இல் வந்ததால் அமெரிக்காவில் இந்த நாவலை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நம் நாட்டில் எழுத்தாளர் இறந்து 60 வருஷம் கழிய வேண்டும். அவர் இறந்தது 1976 ஜனவரியில். ஆக 2036 முடிகிற வரை இங்கே காப்புரிமை உண்டு.

உங்கம்மாவின் அந்த பைண்டு இன்னும் பரணில் இருக்கிறதா? இருந்தால் பூச்சி அரிக்காமல் உள்ளே வேப்பிலை போட்டு வை. முழங்கால் ஒத்துழைத்தால் தை பிறந்ததும் கோயம்புத்தூர் வருகிறேன். மைசூர்பாகு அதுவரை பந்தயப் பொருளாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
மங்கை